இரவல் அப்பாக்கள்

பன்னிரண்டாம் எண் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவளை விசிலக்கா என்றால்தான் தெரியும். இருபது வருடமாகக் கண்டக்டர். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், தினம் ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிறேன், ஒருவனும் நிலைத்து உட்காருகிறவனாகத் தெரியவில்லை என்பாள். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரவழைக்க அவளுக்கு ஒரு பார்வை போதும். அப்படிப்பட்டவளை ஒரு மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, "பேப்பர்படி பாத்தா, அந்தக் குழந்தைக்கு நீங்க யாருமே இல்லம்மா" என்று ஓர் அதிகாரி சொன்னார்.

குழந்தை அவளுடைய தம்பி மகள். ஏழு வயது. தம்பியும் அவன் மனைவியும் வேறு ஊரில் குடியிருந்தார்கள். ஒரு சாலை விபத்தில் இருவரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண் மட்டும் கையில் கட்டோடு பிழைத்துக்கொண்டாள். அம்மா வழியில் கேட்க நாதியில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் குழந்தைகள் இல்லத்தில் ஒப்படைத்தார்கள். அத்தை விழுந்தடித்துக்கொண்டு வந்து நின்றாள். இல்லத்தின் கமிட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீ அவன் கூடப் பிறந்தவள் என்பதற்குக் காகிதம். காகிதம்தான் காலை வாரிவிட்டது. தம்பியின் எல்லாச் சான்றிதழிலும் அப்பா என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது.

தவணை அறுபது நாள். அதற்குள் நிரூபிக்காவிட்டால், பிள்ளைக்காக வரிசையில் காத்திருக்கும் ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிடுவார்கள். ரொம்ப நல்லவர்கள் என்றார் அதிகாரி. அவர்கள் நல்லவர்களாக இருந்தது விசிலக்காவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கெட்டவர்களாக இருந்தால் திட்டவாவது திட்டலாம்.

அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. குற்றமெல்லாம் குடும்பத்தின் மேல். மழைநாளில் குடையை இரவல் கொடுப்பதுபோல இந்தக் குடும்பத்தில் அப்பாக்களை இரவல் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த பெரிய மில், தொழிலாளியின் மகனுக்குத்தான் வேலை கொடுக்கும், தொழிலாளியின் பிள்ளைக்குத்தான் தன் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுக்கும். பெரியப்பா மில்லில் சேர்வதற்காக, அங்கே வேலை பார்த்த தன் தாய்மாமனை அப்பா என்று எழுதிக்கொடுத்தார். அன்றோடு காகிதத்தில் அவருக்கும் விசிலக்காவின் அப்பாவுக்கும் இருந்த அண்ணன் தம்பி உறவு அறுந்தது. பிறகு வேலை நிலைத்ததும் பெரியப்பாவுக்குத் தாராள மனசு வந்துவிட்டது. தம்பி மகனை, அதாவது விசிலக்காவின் தம்பியை, தன் மகன் என்று எழுதி மில் பள்ளியில் சேர்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கெஞ்சினார்; அவருடைய இரட்டைப் பிள்ளைகளுக்கும் அப்பாவானார். மில் கேட் வாட்ச்மேன் மட்டும் என்ன பாவம் செய்தார்? பெற்றது மூன்று, எழுதியது ஏழு. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்துவைத்துவிட்டுப் போகிற குளறுபடியைப் போல வேறெதுவும் சிக்கலாக இருப்பதில்லை.

விசிலக்கா மட்டும் ஏன் சொந்த அப்பாவின் பெயரோடு தப்பித்தாள் என்றால், அவள் பெண். பெண்பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தால் என்ன என்று முனிசிபல் பள்ளியில் போட்டார்கள். ஓர் அப்பாவை இரவல் வாங்கும் அளவுக்கு அவள் படிப்பை யாரும் மதிக்கவில்லை. எட்டு வயது இளையவனான தம்பியோ வீட்டில் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழே பின்னால் பள்ளிக்கூடக் காகிதத்தைக் காட்டி வாங்கியது. இப்படிப் பொய் பொய்யைப் பெற்று வளர்த்திருந்தது. அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் இப்போது இல்லை. உண்மை தெரிந்து உயிரோடு இருந்தவர் பெரியம்மா ஒருவர்தான்.

பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கண் கொஞ்சம் மங்கல், நாக்கு மட்டும் புதுசு. மகன் வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி தெருவையே நிர்வாகம் செய்வார். விசிலக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே ஞாபகமறதி வந்துவிட்டது. யார் மகன், எந்தப் பள்ளிக்கூடம், ஒன்றும் தெரியாது என்றார். குழந்தையின் கதியைச் சொல்லி அழுது பார்த்தாள். பெரியம்மாவும் கூடவே அழுதார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "பொய்க் கையெழுத்துப் போட்டவளை இந்த வயசுல ஜெயிலுக்கு அனுப்பவாடி பாக்கற? அந்த மனுஷனே போய்ச் சேந்துட்டாரு, நான் எதுக்கு மாட்டிக்கணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரைத்தால் கரைகிற கல் இல்லை என்று தெரிந்து விசிலக்கா செருப்பை மாட்டினாள்.

பிறகு அவளே இறங்கினாள். ஆளுக்கு ஒரு வரியாக, மீந்துபோன டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். கண்டக்டர் கணக்கு அவளுக்குத் தெரிந்த கணக்கு: யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும், இப்போது எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பிறந்த வீட்டை ஏறிய இடமாகவும் காகிதத்து அப்பாவை உட்கார்ந்த சீட்டாகவும் போட்டாள். வார விடுமுறை முழுக்க மில் பள்ளி அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினாள். முனிசிபல் வீட்டுப் பட்டியலைப் பார்த்தாள். மில் தொழிலாளர் குடும்ப அட்டைகளைக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பொய், அச்சுப் பிசகாமல். பெரியப்பா எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வார். முப்பத்தைந்து நாள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்துக்குப் போய் வருவாள். நீளமான கூடம், சுவரோரம் இரும்புக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பெட்டி. மருமகள் மற்ற பிள்ளைகளுக்கு நடுவே விசிலை வாங்கி ஊதிக் காட்டுவாள். கிளம்பும்போது மட்டும், எப்போது கூட்டிப்போவாய் என்று கேட்பாள். இதோ அடுத்த வாரம் என்று அத்தை சொல்வாள். பொய் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவளுக்கும் அந்தப் பொய் கசந்தது.

வழி பஸ்ஸில்தான் கிடைத்தது. ஒரு நாள் காலை, நெரிசலில் ஒருத்தி நெடுநெடுவென வளர்ந்த பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவனுக்கு இன்னும் ஐந்து வயதே ஆகவில்லை என்று சாதித்தாள். கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விசிலக்கா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிய அந்த அம்மா, வாசலில் மருந்துச் சீட்டு எழுதுகிறவரிடம் பையனைத் தரையில் நிறுத்தி, ஏழு வயது முடிந்து மூன்று மாதம் என்று கணீரென்று சொன்னது பஸ் வரைக்கும் கேட்டது.

விசிலக்கா விசில் கொடுக்க மறந்து நின்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, தூங்குகிறாயா என்று கேட்டார். அவள் தூங்கவில்லை, அத்தனை நாளில் முதல்முறையாக விழித்திருந்தாள். டிக்கெட் வாங்குமிடத்தில் பொய் சொல்கிறவள்கூட ஊசி போடுமிடத்தில் உண்மையைத்தான் சொல்வாள். மருந்தின் அளவு தப்பினால் பிள்ளைக்கல்லவா ஆபத்து. பெரியப்பா பள்ளிக்கூடத்தை ஏமாற்றினார், மில்லை ஏமாற்றினார். தடுப்பூசி போட வீடு வீடாக வந்த நர்ஸை ஏமாற்றி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

சுகாதார நிலையத்தின் ஸ்டோர் ரூம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உடைந்த எடை இயந்திரம், மருந்துப் பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் துணியில் கட்டிய வீட்டு வருகைப் பதிவேடுகள். ஸ்டோர் கிளார்க் முதலில் பூட்டைத் திறக்கவே மனசில்லாமல் இழுத்தார். மூன்று விடுமுறை நாள் தொடர்ந்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தூசியில் உட்கார்ந்ததைப் பார்த்து மூன்றாம் நாள் அவரே ஏணி போட்டுக் கட்டுகளை இறக்கிக் கொடுத்தார். அன்று மத்தியானம் அவர்கள் தெரு வந்தது. வீட்டு எண் பதினான்கு. அடுத்தடுத்து இரண்டு வரிகள்.

முதல் வரியில் பெரியம்மாவின் மகன். பெற்றவள் பெரியம்மா, மூன்றாவது பிரசவம், பிறந்தது ஜனவரி நான்கு. அடுத்த வரியில் தம்பி. பெற்றவள் விசிலக்காவின் அம்மா, இரண்டாவது பிரசவம், பிறந்தது மார்ச் பன்னிரண்டு. குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் நர்ஸ் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: "முதல் ஊசி போடப்படவில்லை. குழந்தையின் அக்கா, வயது எட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாள் வர வேண்டும்."

ஓடியது அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் எழுத்தில் இருந்தது. அரசாங்க முத்திரையோடு இருந்தது. தூசிக்கு நடுவே உட்கார்ந்து விசிலக்கா வாய்விட்டுச் சிரித்தாள், அப்புறம் வாய்விட்டு அழுதாள். கிளார்க் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நகலை வாங்கிப் பார்த்த அதிகாரியின் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. உங்களுக்கு மார்ச் பன்னிரண்டில் ஒரு தம்பி பிறந்தான் என்பது சரி. ஆனால் மில் பள்ளிப் பதிவேடு அதே மார்ச் பன்னிரண்டில் உங்கள் பெரியம்மாவுக்கும் ஒரு மகன் பிறந்ததாகச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று பெரியம்மா வந்து சொன்னால் முடிந்தது என்றார். பயப்பட வேண்டாம், முப்பது வருடத்துக்கு முந்திய பள்ளிக்கூடச் சேர்க்கைக்காக யாரையும் பிடித்துப் போகமாட்டார்கள் என்றும் சொன்னார். தவணையில் மிச்சம் நான்கு நாள்.

விசிலக்கா பெரியம்மாவிடம் மறுபடி போனாள். இந்த முறை அழவில்லை, கெஞ்சவில்லை. ஜெயில் பயம் வேண்டாம் என்று அதிகாரி சொன்னதை மட்டும் சொன்னாள். பெரியம்மா கூரையைப் பார்த்தார். அப்போதுதான் அவள் மெதுவாக நர்ஸின் பதிவேட்டு நகல், பள்ளிப் பதிவேட்டு நகல் என்று இரண்டு காகிதத்தையும் எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. ஜனவரி நாலாந் தேதி நீங்க ஒரு பிள்ளை பெத்திருக்கீங்க. மார்ச் பன்னெண்டாந் தேதி இன்னொண்ணு. ரெண்டு மாசம் எட்டு நாள். ஆபீஸ்ல எல்லாரும் உங்களைப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க."

பெரியம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். காகிதத்தை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டார். நாலைந்து பேர் இருக்கும் என்றாள் விசிலக்கா. சிரித்தார்களா என்று கேட்டார். கொஞ்சம் சிரித்தார்கள் என்றாள். இது மட்டும் அவள் சொன்ன பொய். குடும்ப வழக்கத்தை அவளும் ஒருமுறை காப்பாற்றட்டுமே.

மறுநாள் காலை மகன் கையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா கமிட்டி அறைக்குள் நுழைந்தார். நல்ல புடவை, நல்ல கோபம். அதிகாரி நாற்காலி காட்டினார், உட்காரவில்லை.

"நான் என்ன பூனையா, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பெத்துப் போட? பெத்தது இவ அம்மா. பள்ளிக்கூடத்துக்காகப் பேரை மட்டும் என் வீட்டுக்காரர் குடுத்தாரு. அவனுக்குப் பாலு குடுத்தது அவ, தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சது இதோ நிக்கறாளே இவ. எங்க கையெழுத்துப் போடணும்?"

அதிகாரி இடத்தைக் காட்டினார். பெரியம்மா போட்டார். முப்பது வருடம் இறுகிக் கிடந்த முடிச்சு ஒரு கையெழுத்தில் அவிழ்ந்தது. உத்தரவில் அதிகாரி தன் கையாலேயே எழுதினார்: மனுதாரர், குழந்தையின் தந்தையுடன் பிறந்த சகோதரி. வாசலுக்கு வந்ததும் பெரியம்மா விசிலக்காவின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னமே வந்திருக்க வேண்டும், தப்புதான் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்தத் தெருவே கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருமகள் பன்னிரண்டாம் எண் பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் காரணமில்லாமல் நீளமாக ஹாரன் அடித்தார். கண்டக்டர் சீட் வழக்கத்தில் யாருக்கும் கிடையாது. அன்று அது அவளுக்குக் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனது அடுத்த திங்கட்கிழமை. டிப்போ ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளைக்கெல்லாம் அந்த இடம் கிடையாதும்மா. உங்க பொண்ணுன்னே எழுதிடறேன். இன்னிக்கே சேத்துடலாம். யாரு வந்து கேக்கப் போறா" என்றார்.

விசிலக்கா ஒரு கணம் தடுமாறினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் பொண்ணு என்று சொல்லிக் கேட்க அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் மருமகள் மேஜை விளிம்பில் தாடையை வைத்து அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ என் தம்பி பொண்ணு. அப்பா இடத்துல அவன் பேரை எழுதுங்க, அம்மா இடத்துல அவங்கம்மா பேரை எழுதுங்க. என்னை அத்தைன்னு போடுங்க. வரிசையில எத்தனாவதுன்னு சொல்லுங்க, நிக்கறோம்."

கிளார்க் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். வரிசையில் நாற்பத்தோராவது. இடம் கிடைக்கப் பதினேழு நாள் ஆயிற்று; கிடைத்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமையே, கிளார்க் எழுதி முடித்ததும் மருமகள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அப்பா பெயர் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு அம்மா பெயர். பிறகு அத்தை. மூன்றையும் படித்து முடித்து நிமிர்ந்து, "எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.