ஐஸ் பெட்டியில் வந்த சாம்பிள்

போன மாதம் ஒரு காலை, என் காரில் குமரேசனும் அவர் மனைவி பூங்கொடியும் ஏறினார்கள். குமரேசன் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. "உள்ள என்ன?" என்றேன். மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குமரேசன் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். அடி அண்ணாமலை கிராமத்தில் மாடு வைத்திருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. பூங்கொடி பார்க்காத டாக்டர் இல்லை. மாத்திரை, ஊசி, ஸ்கேன்... பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வேறு. குமரேசன்? ஒரு டெஸ்ட்கூட எடுத்ததில்லை. "எனக்கு இன்னாக்கா? நல்லாத்தானே இருக்கேன்!"

இதற்கிடையில் மாமியார், கீழ்பென்னாத்தூர் பக்கம் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். ரகசியமாக அல்ல — மருமகள் காதில் விழும்படியாகவே.

கடைசி முயற்சியாக இருவரும் டவுனில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனார்கள். டெஸ்ட் டியூப் சிகிச்சை என்றதுமே டாக்டரம்மா, "மொதல்ல வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டார். விந்துப் பரிசோதனை. மையத்திலேயே கொடுக்கக் குமரேசனுக்குக் கூச்சம். சரி, வீடு பக்கம்தானே, அங்கேயே எடுத்து உடனே கொண்டுவரலாம் என்று அனுமதித்தார்கள். எப்படிக் கொண்டுவருவது என்றும் சொன்னார்களாம். வெட்கத்தில் இவர் பாதியைக் கேட்கவேயில்லை.

அதுதான் அந்தப் பெட்டி! லேப் பெண் திறந்து பார்த்தார். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஜில்லென்று ஒரு டப்பா.

"என்னங்க இது? உடம்புச் சூட்டுலயே, சட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வாங்கன்னுதானே சொன்னோம்?"

"கெட்டுடக் கூடாதேன்னுதான் மேடம்... மாட்டுக்கு செனை ஊசி போட வர்றவரு ஜில்லுன்னு பொகை வர்ற கேன்லதானே எடுத்துட்டு வர்றாரு?"

அது முறைப்படி உறையவைத்தது. வெறும் ஐஸில் வைத்தால் உயிரணுக்கள் முடங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார் அந்தப் பெண். சாம்பிள் வேஸ்ட். சில நாள் கழித்து மறுபடி வரவேண்டும்.

திரும்பும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூங்கொடி சிரிக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"நம்ம செவலை மாட்டுக்கு செனை நிக்காதப்போ ஊசி போடுறவர இன்னா கேட்ட?"

"இன்னா கேட்டேன்?"

"ஊசி நல்ல ஊசிதானா சார்னு கேட்ட. வேற காளையோடத போட்டுப் பாருங்கன்னு சொன்ன. மாட்ட ஒரு வார்த்த சொன்னியா? எனக்கு மட்டும் இத்தினி வருஷமா..."

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கோபம்தான் வந்தது.

படித்த வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மனைவிக்கு எல்லா ஸ்கேனும் முடிந்து, எல்லா கோவிலும் முடிந்து, வேறு வழியே இல்லை என்றான பிறகுதான் கணவனின் முறை வருகிறது. கருமுட்டை எவ்வளவு நன்றாக இருந்தும் உயிரணுவில் குறை என்றால், எத்தனை பெரிய மையமும் திணறத்தானே செய்யும்?

அடுத்த முறை குமரேசன் மையத்திலேயே சாம்பிள் கொடுத்தார். போன வாரம் ரிசல்ட். உயிரணுக்கள் கம்மி, இருப்பவற்றுக்கும் ஓட்டம் போதவில்லை.

"புகையிலைய இன்னிக்கே விடுங்க. புதுசா உயிரணு உருவாகி வர மூணு மாசம் ஆகும். மறுபடி பாத்துட்டு ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கலாம். கேரன்ட்டி தர மாட்டேன்... ஆனா வாய்ப்பு கூடும்" என்றார் டாக்டரம்மா.

அன்றும் நான்தான் டிரைவர். வீட்டு வாசலில் மாமியார் காத்திருந்தார்.

"இன்னா சொன்னாங்க? இவளுக்கு இன்னா கோளாறாம்?"

பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டார். பழக்கம்!

குமரேசன் முன்னால் வந்தார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. கோளாறு எனக்குதான். பொண்ணு பாக்கறத விட்டுடு."

சட்டைப் பையில் இருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துச் சாணக் குழியில் வீசினார். மாமியார் உள்ளே போய்விட்டார். பூங்கொடி அங்கேயே நின்று அழுதார். நான் காரை விட்டு இறங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

செவலை கன்று போட்டு ஒரு வருடமாகிறது. அதற்கு அன்றே கிடைத்த நியாயம், பூங்கொடிக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது!