நடந்துவிட்டால் கேஸ் நிற்காதாம்

தோள் வலிக்காக இன்று பிசியோதெரபிக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி, தன் சின்ன மகளோடு. பள்ளிக்கூட வாசலில் கார் மோதிக் கால் முறிந்த பிள்ளை. மாவுக்கட்டைப் பிரித்து இப்போதுதான் நடை பழகுகிறாள்.

கையில் ஃபைலோடு ஒருவர் வந்தார். வக்கீலின் ஆளாம். நஷ்டஈட்டு வழக்குகளை ஆஸ்பத்திரியிலேயே பிடித்துக் கொடுப்பவர். டாக்டர்களைவிட அவருக்கு வார்டுகள் அத்துப்படி.

“தங்கச்சி, மெடிக்கல் போர்டு முடியுத வரைக்கும் புள்ளைய நடக்க விடாதீய. நல்லா நடந்துட்டா ஊனச் சதவீதம் கொறஞ்சிரும். கேஸ் நிக்காது.”

“நடக்கலைன்னா முட்டு இறுகிப்போயிரும்னுல்லா இங்கன சொல்லுதாவ அண்ணாச்சி?”

“அதெல்லாம் பைய சரியாயிரும்.”

கேஸ் நிற்பதற்காகப் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன ஒரு சட்ட ஞானம்.

அதற்குள் மகள் சுவரைப் பிடித்தபடி தண்ணீர்க் குழாய் வரை போய்விட்டாள். “உக்காரு பாப்பா, உக்காரு” என்று அவர் பதறினார். குழந்தை நடப்பதைப் பார்த்து அந்தக் கட்டடத்திலேயே முகம் வாடியவர் அவர் ஒருவர்தான்.

தாய் எழுந்தாள். “நடக்குத புள்ளைக்கும் வாதாடுத வக்கீல் யாராச்சும் இருப்பாவ. நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி.”

அவர் போனதும் என்னிடம் மெல்லக் கேட்டாள், “ஒங்களுக்கு யாரையும் தெரியுமாக்கா?”

எனக்கு யாரையும் தெரியாது. நெல்லையில் அப்படி ஒருவர் இருந்தால் கீழே எழுதுங்கள். பெரிய தகுதியெல்லாம் வேண்டாம். பிள்ளை குணமானால் வருத்தப்படாதவராக இருந்தால் போதும்.