ஞாயிற்றுக்கிழமை கேமுக்கு ரெண்டு மார்க்

எல்லோரும் பத்துக்கு ஒன்பது கொடுக்கும் ஒரு மீன்பிடி கேமுக்கு, என் மச்சான் ரோஷன் தன் சேனலில் ரெண்டு மார்க் போட்டிருக்கிறான். கமெண்டில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இன்று காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

“ஏலே மச்சான், வியூஸுக்குத்தான இந்தக் கூத்து?”

“போலே. முழுசா விளாண்டுட்டுதான் சொல்லுதேன். ஞாயித்துக்கெழம கடலுக்குப் போனாத்தான் அதுல பெரிய மீனு மாட்டும். நம்ம ஊருல எந்தக் கூறுகெட்டவன்லே ஞாயித்துக்கெழம போட்டை எடுப்பான்?”

“அது கேமுலே! நம்ம ஊரு வழக்கம் அதைச் செஞ்சவனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியலல்லா? அதான் ரெண்டு. அதுவும் தண்ணிய நல்லா வரைஞ்சிருக்கானேன்னு போட்டது.”

அவன் புளுகை உடைக்கவே வீட்டுக்கு வந்து அந்த கேமை இறக்கினேன். நன்றாகத்தான் இருந்தது, அதில் ஞாயிறு விடியும்வரை. கடல் முழுக்க மீன் துள்ளுகிறது. ‘கிளம்பு, கிளம்பு’ என்று திரை கத்துகிறது. என் விரல் நகர மாட்டேன் என்கிறது. இதை எழுதும்போதும் என் படகு கரையில்தான் கட்டிக் கிடக்கிறது.

நானும் மார்க் போட்டுவிட்டேன். மூன்று.

மனசுக்குப் பட்டது ரெண்டுதான். அதைப் போட்டால் என்னையும் வியூஸ் பைத்தியம் என்பீர்களே என்று ஒன்றைக் கூட்டினேன்.

இப்போது சொல்லுங்கள், எங்கள் ரெண்டு பேரில் யாரைக் கிழிக்க வேண்டும்?