வெளிச்சம் அவளுக்கு, கால்கள் எனக்கு

அற்புதம் வரைகிற தொழிலில் பாதி நாள் மை வடிகட்டுவதிலேயே போய்விடும். இப்போதும் பழைய லுங்கித் துணியில் பழுப்பு மையை ஊற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இதை எழுதுகிறேன். பாப்பா உள்ளே தூங்குகிறாள்.

கடை பர்மாவில், பபேடான் பேட்டையில். புனிதர்கள் செய்த அற்புதங்களை, பரோக் என்கிற பழைய ஐரோப்பியப் பாணியில் மையால் வரைந்து வீட்டுப் பீடங்களுக்குக் கொடுக்கிறோம். சுழல்கிற மேகம், சாய்ந்து விழும் ஒளி, கை தூக்கிக் கதறும் கூட்டம். பக்கத்து மேசைக்குப் பாராட்டு, நமக்கு மிச்ச வேலை என்று காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பங்கு

ஒரே படத்தை இரண்டு பேர் வரைவோம். புனிதர், மேகம், ஒளி எல்லாம் பக்கத்து மேசை மா தீடாவுக்கு. நொண்டிகள், குருடர்கள், கூட்டத்தின் கால்கள் எனக்கு. மா தீடா பர்மாக்காரி, புத்தரைக் கும்பிடப் பகோடாவுக்குப் போகிறவள். செவ்வாய் தவறாமல் அந்தோணியார் நவநாளுக்குப் போகிறவள் நான். ஆனால் ஜனங்கள் அழுவது அவள் வரைந்த அந்தோணியாரைப் பார்த்துத்தான். போன மாதம் ஓர் அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே சொன்னார்: "அந்த ஒளியப் பாத்தாலே முட்டிவலி போயிடுது. கீழ கிடக்கிற ஆளுங்களக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்மா."

மழை

ஒளி என்பது வேறொன்றுமில்லை, மை படாத வெறும் காகிதம். சுற்றி இருட்டை வைத்தால் நடு தானாக எரியும். அவள் சும்மா விட்ட இடத்துக்கா இத்தனை கும்பிடு?

அவள் லீவு போட்ட அன்று புனிதர் என் கைக்கு வந்தார். வெறுமனே விட எனக்கு மனசு வரவில்லை. கதிர் கதிராக, கோடு கோடாக, கை வலிக்க ஒளி வரைந்தேன். மறுநாள் படம் வாங்க ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து வந்தவர் கேட்ட கேள்விக்குக் கடையே சிரித்தது, மா தீடாவைத் தவிர. அவள் சிரிக்காததுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அவர் கேட்டது இதுதான்: "என்ன தங்கச்சி, அந்தோணியார் குடை எடுக்காம கிளம்பிட்டாரா?"

லாசர்

கோவில் திருவிழாவுக்கு உபதேசியார் பெரிய படம் கேட்டார். ஆண்டவர் லாசரை உயிரோடு எழுப்புகிற காட்சி. "ரெண்டு பேரும் மாதிரிப் படம் போடுங்க, அவருக்கு யாரோடது பிடிக்குதோ அவங்களே ஆண்டவர் முகம் போடட்டும்" என்றார் முதலாளி சவரி அண்ணன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஒரே ஒரு தரம், அந்த முகம்.

மா தீடாவின் ஆண்டவரைப் பார்த்ததும் உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். முடிந்தது. என் மாதிரியைச் சுருட்டப் போனவர், நின்றார். கூட்டத்து ஓரத்தில் நான் போட்டிருந்த ஒருத்தியை விரலால் தொட்டார். எல்லாரும் லாசரைப் பார்க்க, அவள் மட்டும் லாசரின் அக்காமார் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஆண்டவர் முகம் அந்தப் பர்மாப் பொண்ணே போடட்டும். ஆனா இவ இருக்கணும், சவரி. இவ வீட்லயும் ஒருத்தர் செத்திருக்கார், அவர யாரும் எழுப்பல."

மா தீடா இப்போது ஆண்டவருக்குக் கண் வைக்கிறாள். ஆகமொத்தம் இந்தத் தொழிலில் அற்புதம் பக்கத்து மேசையில்தான் நடக்கும், வாயைப் பிளந்து பார்க்க ஆள் வேண்டுமென்றுதான் நம்மை வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அந்த ஒருத்தியின் முகத்தை மட்டும் நான் யாருக்கும் – இதோ வந்துட்டேன்டி பாப்பா, அழாத, அம்மா இங்கதான்