ரேடியோ நின்ற காலை

“நேத்து வெளிய போனீங்களா? பொய் சொல்லக் கூடாது.” காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு கட்டிலாக நின்று இதைத்தான் கேட்கிறார் நர்ஸம்மா. “கதவைப் பூட்டி வச்சுட்டு வெளிய போனியான்னா எப்படி?” என்கிறார் மூன்றாம் கட்டில்காரர். நர்ஸம்மா சிரிப்பதில்லை. குறித்துக்கொண்டு நகர்கிறார்.

மனநோயோடு சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று உடம்பும் கெட்டுப்போனவர்களுக்கான வார்டு அது. அங்கே நர்ஸம்மாவுக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர். யாராவது இருமினால் காய்ச்சல் பார்ப்பார். கை நடுங்கினால் ரத்தம் எடுக்கச் சொல்வார். “இவங்க வலின்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க சார். அதான் பயம்,” என்றார் என்னிடம். நெஞ்சுக்குள் யாரோ கம்பி கட்டி இழுப்பதாக முன்பு ஒருவர் சொல்ல, வழக்கமான உளறல் என்று விட்டுவிட்டார்களாம். மத்தியானம் கட்டில் காலி. “நானுந்தான் விட்டேன்,” என்றவர், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

என் அண்ணனும் அங்கேதான் இருக்கிறான். இருபது வருஷமாக அவன் வயிற்றுக்குள் ரேடியோ பாடுகிறது. புது மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. போன வியாழக்கிழமை காலை, “ரேடியோ நின்னு போச்சுடா,” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். “மருந்து வேலை செய்யுது,” என்று டாக்டரும் என் தோளில் தட்டினார். சின்ன வயசுக்காரர், அவருக்கும் சந்தோஷம்.

நர்ஸம்மாவின் முகம் மட்டும் வெளிறிப் போனது. “உண்மையைச் சொல்லுங்க. வெளிய போய் எத்தனை நாளாச்சு?”

அண்ணன் தயங்கினான். “அஞ்சு நாள். சொன்னா எனிமா குடுப்பீங்களே.”

நர்ஸம்மா அவன் சட்டையைத் தூக்கினார். வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனதை அடக்கும் அந்த மாத்திரை சிலருக்குக் குடலையும் அடக்கி, அது ஓடும் சத்தத்தையே நிறுத்திவிடும், ஆளையே கொண்டுபோய்விடும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

ஐந்து நிமிஷம் கழித்து, “ஒண்ணுமே கேக்கலை டாக்டர்,” என்றார்.

“அதைத்தாம்மா நானும் சொல்றேன், நின்னுருச்சு,” என்று சிரித்தார் டாக்டர்.

நர்ஸம்மா ஸ்டெதாஸ்கோப்பைத் தன் காதிலிருந்து கழற்றி டாக்டரின் காதில் மாட்டினார். அவர் கேட்டு முடிப்பதற்குள், கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டி விடுவித்தார்.