க்ளவுஸுக்குள் போகும் கட்டு

புதுவாயல் கூட்டுரோடு பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். கம்பெனிகளில் கையைக் காலை வெட்டிக்கொள்பவர்கள் நேரே இங்கேதான் வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், திட்டிக்கொண்டேதான் கட்டுவேன். ஒரே ஒருவரை மட்டும் திட்டாமல் கட்டினேன். வினையே அதில்தான் வந்தது.

அவர் ஆட்காட்டி விரலை இரும்புத் தகட்டில் கிழித்துக்கொண்டு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கான்ட்ராக்ட் ஆள். டாக்டர் தையல் போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். கட்டுவது என் வேலை.

“சிஸ்டர், க்ளவுஸ் உள்ள போற மாதிரி மெல்லிசா கட்டுங்க. கட்டு தெரிஞ்சா கம்பெனி கேட்லயே திருப்பி அனுப்சுடுவாங்க. ஆறுற வரைக்கும் வேலை கெடையாது.”

விரலில் கட்டுப் போட்டால் நுனி வெளியே தெரிய வேண்டும். ரத்தம் ஓடுகிறதா என்று அதன் நிறம்தான் சொல்லும். தெரிந்தும், பாவம் பார்த்து, நுனியையும் மூடி, பஞ்சைக் குறைத்து, இழுத்தால் நீளும் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினேன். க்ளவுஸ் கச்சிதமாக ஏறியது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை கிளினிக் திறந்ததும் வந்து நின்றார்.

“வலிச்சுக்கினே இருந்துச்சு சிஸ்டர். இப்ப இன்னாவோ மரத்துப்போன மாதிரி கீது.”

கத்தரிக்கோலை எடுத்தேன். கட்டை வெட்டினேன். அடியில் இருந்த காஸ் துணி ரத்தத்தோடு காய்ந்து ஒட்டியிருந்தது. சலைன் ஊற்றி ஊறவிட்டு மெதுவாக எடுத்தேன். விரல் நீலம் பாரித்து ஜில்லென்று இருந்தது. டாக்டர் வந்து பார்த்தார்.

“கொஞ்ச நேரம் பாப்போம். நிறம் திரும்பலன்னா உடனே பெரியாஸ்பத்திரி.”

நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன்; ரத்தம் ஓடினால் உடனே சிவக்க வேண்டும். வெளுத்தது, அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விரல் போய்விட்டால் இவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்து செத்தேன். எத்தனை முறை அழுத்தினேனோ, ஒரு தடவை நகத்தடியில் மெல்லச் சிவப்பு ஏறியது. “ஸ்ஸ்... எரியுது சிஸ்டர்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒட்டாமல் இருக்க வாஸ்லைன் தடவிய காஸ் வைத்து, மேலே பஞ்சு வைத்து, தளர்வாகச் சுற்றினேன். நுனியை வெளியே விட்டேன்.

“உங்களாலதான் விரலு பொழச்சுது.”

“என்னாலதாண்ணா போகப் பாத்துது. நேத்து அப்படி இறுக்கிக் கட்னது என் தப்பு.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தடித்த கட்டையும் மடியில் கிடந்த க்ளவுஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ கேட்ல நான் இன்னா சொல்றது?”