கொக்கியில் மூன்று புள்ளி

தை மாதம் பதினோராம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். பனி இறங்கிக்கொண்டிருந்தது; எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டுப் பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்கு எட்டு வயது முடிந்து ஐந்து மாதம். அந்தக் காரியத்தை அப்போதுதான் செய்தேன்.

அப்பா கவரிங் நகை செய்பவர். கவரிங்கும் கில்ட்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். கில்ட் என்பது முலாம் நீரில் முக்கி எடுப்பது. ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். கவரிங்குக்குத் தாமிரக் கம்பியின் மேல் மெல்லிய பொன் தகட்டைச் சுற்றி, சூட்டில் ஒட்டவைத்து, துளை போட்ட இரும்புப் பட்டையில் ஒவ்வொரு துளையாக இழுக்க வேண்டும். அப்பாவின் பட்டையில் இருபத்துநான்கு துளைகள். இழுக்க இழுக்கத் தாமிரமும் பொன்னும் சேர்ந்தே மெலியும். அப்படிச் செய்த சங்கிலி பத்து வருடம் கறுக்காது.

முடித்த ஒவ்வொரு நகையிலும் கொக்கியின் உட்புறம் அப்பா சின்ன உளியால் மூன்று புள்ளி குத்துவார். நாளைக்கு யாரும் அதைப் பவுன் என்று சொல்லி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்பதற்காக. சுற்றுவட்டாரச் சந்தைகளில் கவரிங் வாங்கும் பெண்களுக்கெல்லாம் அந்த மூன்று புள்ளி தெரியும்.

தாலி மாப்பிள்ளை வீட்டார் போடுவது, அதைக் கோக்கும் கொடி நாலு பவுனில் நாங்கள் போடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். கழுத்திலும் காதிலும் எது வேண்டுமானாலும் கவரிங்காக இருக்கலாம். தாலிக்கொடி மட்டும் பவுனாக இருக்க வேண்டும். எங்களில் அதுதான் வழக்கம். ஆனால் அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து, சேலத்தில் இருபத்திரண்டு நாள் தங்கினோம். நாலு பவுனும் அங்கே போயிற்று. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அப்பா ஒன்பது நாள் யாரிடமும் பேசாமல் ஒரு கொடி செய்தார் என்பதுதான். அவ்வளவு அழகான வேலையை அவர் அதற்கு முன்பு செய்ததில்லை.

அதன் கொக்கியில் புள்ளி இல்லை. கல்யாண அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உளியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று அடி அடித்தேன். மூன்றாவது கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

கல்யாணம் வெண்ணந்தூரில். முகூர்த்தத்துக்கு முன்னால் தாலியைக் கோப்பதற்காக மாப்பிள்ளையின் அம்மா கொடியைக் கையில் வாங்கினார். கொக்கியைத் திறந்தவர், அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

“ஏனுங்க சம்பந்தி, இது உங்க வேலைங்களா?”

அப்பா கிட்டே போய்க் கொக்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

“ஆமாங்க,” என்றார். “பவுனில்லீங்க.”

மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்துவிட்டார். “அப்பறம் என்னத்துக்கு உக்காந்திருக்கறோம்? மாலையக் கழட்டுடா!”

அக்கா மணவறையில் தலை குனிந்தபடி இருந்தாள்.

“நீங்க கொஞ்சம் கம்முனு உக்காருங்க,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “ஏமாத்தறவரு புள்ளி குத்தியா கொண்டாருவாரு? வாயில சொல்ல மானம் உட்டிருக்காது. நம்ம கண்ணுல படட்டும்னு குத்தியிருக்கறாரு. மஞ்சக் கயித்துல கட்டட்டும். கொடி ஆவறப்ப ஆவட்டும்.”

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மஞ்சள் கயிற்றிலேயே தாலி ஏறியது. அன்று பந்தியில் மட்டும் ஏழு பேர் அப்பாவை நேர்மையான மனுசர் என்று சொன்னார்கள், எண்ணினேன். அப்பா இலையில் கை வைக்கவே இல்லை. நாலு பவுன் கொடியை அவர் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு வருடம் ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை அக்காவின் கழுத்தில் கயிறுதான்.

மறுநாள் அப்பா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். அடிப்பாரோ பாராட்டுவாரோ என்று நின்றேன். இரண்டும் இல்லை. உளியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இனிமே நீயே குத்து சாமி.”

பரிசு கிடைத்துவிட்டதென்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதற்குப் பிறகு அப்பா பத்தொன்பது வருடம் இருந்தார். ஒருநாள்கூட அந்த உளியை அவர் தொடவில்லை. நான் புள்ளி குத்தும்போது வேறு ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து வெளியே போய்விடுவார். அந்த உளியைப் பிடிக்கும் தகுதி தனக்குப் போய்விட்டதாக அவர் நினைத்திருக்கலாம் என்பது எனக்கு வெகுகாலம் தோன்றவே இல்லை.

போன மாதம் பேத்தி செல்போனில் ஒரு படம் காட்டினாள். யாரோ பழைய கவரிங் அட்டிகை ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். செய்தவர் யாரென்று தெரியவில்லை, கொக்கியில் மூன்று புள்ளி இருக்கிறது என்று எழுதியிருந்தது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். என் கைக்குக் கடைசிவரை மூன்றாவது புள்ளி கீழேதான் இறங்கும். இதில் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. விற்பவர்கள் பத்து ரூபாய்கூடக் குறைக்க மாட்டோம் என்றார்கள். விலை இரண்டாயிரத்து நானூறு, அனுப்பும் செலவு தொண்ணூறு. ஆக மொத்தம் இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு ரூபாய்.